அம்மாவின் உறைமோர்

என் மகனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து இன்றைவரை 11 தடவை அன்ரிபயோட்டிக் பாணி குடித்திருக்கிறான். அவனுடைய மருந்துத் துண்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பது என் பழக்கம். போன மாரிக்கு ஒருநாள் இரவு, அவன் காய்ச்சலில் அனுங்கிக்கொண்டு கிடக்க, அந்தக் கொப்பியை எடுத்து எண்ணியபோதுதான் இந்தக் கணக்கு தெரிந்தது. காது வலி, தொண்டை நோ, வயிற்றோட்டம், திரும்பவும் தொண்டை நோ. அந்தந்த நேரத்தில் மருந்து தேவையாகத்தான் இருந்திருக்கும். மருத்துவர் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஓடித் திரிகிற பிள்ளை ஏன் இப்படி அடிக்கடி படுக்கிறான் என்ற கேள்வி அன்றிரவு என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனத்தை, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பை, படிப்பிக்கும்போது வெண்குருதிக் கலம், பிறபொருளெதிரி, தடுப்பூசி என்று கரும்பலகையில் எழுதுவேன். குடல் சமிபாட்டுப் பாடத்தில் வரும். அது வேறு அலகு, வேறு தவணை. இந்த இரண்டு பாடமும் குடலில் ஒன்றாகச் சந்திக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் என் மாணவர்களுக்குச் சொல்லவில்லை. கடந்த ஒரு வருடமாக நேரம் கிடைக்கும்போதெல்லாம் வாசித்ததையும், எங்கள் வீட்டுக் குசினியில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில். பின்னால் இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்தபிறகு மிஞ்சின சோற்றை நன்றாக ஆறவிட்டு மண்சட்டியில் போடுவார். கொதித்தாறின தண்ணீரைச் சோறு மூடும்வரை ஊற்றுவார். மேலே ஒரு மூடி, பூனை தட்டாமல் இருக்க மூடிக்கு மேலே ஒரு கல். காலையில் திறந்தால் இலேசான புளிப்பு மணம் வரும். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி நிற்கும். அம்மா கையை விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, பச்சை மிளகாயைக் கிள்ளி, உப்பும் தயிரும் சேர்த்து, தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விடுவார். முதலில் தண்ணீரைப் பேணியில் வார்த்துத் தருவார். அதுதான் பழந்தண்ணி. முதல்நாள் குழம்பு மிச்சம் இருந்தால், பிழிந்தெடுத்த சோற்றை அதோடு குழைத்து உருண்டை உருண்டையாக உள்ளங்கையில் வைப்பார். நானும் தம்பியும் அந்த உருண்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்து வளர்ந்தவர்கள்.

கல்யாணம் முடித்த பிறகு இதை நான் விட்டுவிட்டேன். காலையில் பாண், இல்லையென்றால் பிஸ்கட்டும் பால்மாத் தேத்தண்ணியும். பாடசாலைக்கு ஓடுகிற அவசரம் ஒரு காரணம். பழஞ்சோறு என்றால் இல்லாதவர்களின் சாப்பாடு என்று எங்களுக்குள் ஊறிப்போன எண்ணம் இன்னொரு காரணம். மகன் பிறந்தபிறகு அந்த எண்ணம் இன்னும் கூடிவிட்டது. கிளிநொச்சிக் கடைகளில் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதிய ரின்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் இரண்டு வகையை மாதா மாதம் வாங்கினேன். அவன் விரும்பிக் குடித்தான். காய்ச்சல் வருவது நிற்கவில்லை.

சரி, குடலுக்கு வருவோம்.

நம் குடலின் உட்பக்கத்தை ஒரே ஒரு வரிசைக் கலங்கள்தான் மூடியிருக்கின்றன. அந்தப் பக்கம் நாம் விழுங்கின எல்லாமும், இந்தப் பக்கம் இரத்தமும் திசுவும். நடுவில் இருப்பது ஒரு கலத் தடிப்பும் அதன் மேல் பூசின வழுவழுப்பான சீதமும் மட்டும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் அந்தக் கலங்கள் உதிர்ந்து புதிய கலங்கள் வந்துவிடும். சமிபாட்டுக் கால்வாய் முழுவதையும் விரித்தால் ஏறத்தாழ 32 சதுர மீற்றர் வரும் என்று 2014இல் சுவீடனில் அளந்து கணக்கிட்டார்கள். நான் படிப்பிக்கிற வகுப்பறையைவிடக் கொஞ்சம் சிறிது. அவ்வளவு பெரிய எல்லைக்கு ஒரு கலத் தடிப்பில் வேலி என்றால், காவலும் அங்கேதான் கூட இருக்கவேண்டும்.

‘எதிர்ப்புச் சக்தியில் 70 வீதம் குடலில்தான்’ என்ற வாசகத்தை வட்ஸ்அப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023இல் உடம்பின் நிர்ப்பீடனக் கலங்களை எண்ணிக் கணக்கிட்டவர்கள், எண்ணிக்கையில் கூடுதலானவை என்பு மச்சையிலும் நிணநீர்த் தொகுதியிலும்தான் என்று காட்டினார்கள். ஆனால் கிருமியைப் பிடித்து அடக்கும் புரதமான பிறபொருளெதிரியை உருவாக்கும் கலங்களை மட்டும் எடுத்தால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடல் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியை அவை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் குடலுக்குள் விடுகின்றன. மற்ற எல்லாப் பிறபொருளெதிரிகளையும் கூட்டினாலும் அந்த அளவுக்கு வராது. சிறுகுடல் சுவரில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் சில இடங்கள் உண்டு. 1677இல் யோகான் கொன்ராட் பேயர் என்ற சுவிஸ் மருத்துவர் அவற்றை விவரித்தார், அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம். குடலுக்குள் போகிற வருகிற துணிக்கைகளில் கொஞ்சத்தை எடுத்து உள்ளேயிருக்கும் வெண்குருதிக் கலங்களுக்குக் காட்டுவது அந்தத் திட்டுகளின் வேலை. எதை எதிர்க்கவேண்டும், எதைப் பேசாமல் விடவேண்டும் என்பதை அந்தக் கலங்கள் அங்கேதான் பழகுகின்றன. விடுகிறதும் ஒரு படிப்புத்தான். சோற்றைக் கண்டும் பாலைக் கண்டும் உடம்பு சண்டைக்குப் போனால் நாம் இருக்கமாட்டோம்.

இந்த இடத்தில்தான் பற்றீரியாக்கள் வருகின்றன. ஒரு வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் என்பது 2016இல் வந்த கணக்கு. எல்லாம் சேர்த்து 200 கிராம்தான் வரும், பெரும்பகுதி பெருங்குடலில். நாம் சமிக்க முடியாத நார்ப்பொருளும், சமிக்காமல் தப்பி இறங்கும் மாப்பொருளும்தான் அவற்றின் சாப்பாடு. அதை நொதிக்கவைத்து அவை சில சிறிய கொழுப்பமிலங்களை வெளிவிடுகின்றன. அதில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் சுவரின் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இதிலிருந்துதான் எடுக்கின்றன. 2013இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. நிர்ப்பீடனத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் எலிகளின் குடலில் பெருகுவதற்கும் இந்தப் பியூட்டிரேட் உதவுகிறது.

சாப்பாடு இல்லாவிட்டால் அவை என்ன செய்யும்? 2016இல் எலிகளுக்கு நார்ப்பொருளே இல்லாத தீனி போட்டுப் பார்த்தார்கள். பற்றீரியாக்கள் குடல் சுவரின் மேல் பூசியிருக்கும் சீதத்தைத் தின்னத் தொடங்கின. சீதம் மெலிந்தது. அதற்குப் பிறகு நோய்க்கிருமி ஒன்றை விட்டபோது அது இலகுவாகச் சுவரை அடைந்தது. எலியில் நடந்தது அப்படியே மனிதரில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் அதை வாசித்த அன்று, காலையில் மகனுக்குக் கொடுத்த வெள்ளைப் பாணும் சீனித் தேத்தண்ணியும்தான் கண்முன்னே நின்றது.

அதைவிட இன்னொரு காலம் நினைவில் வந்தது. 2009 தொடக்கத்தில், போர் நெருங்கி வர நாங்கள் முரசுமோட்டையை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 16 வயது, தம்பிக்கு நாலு. தருமபுரம், விசுவமடு, வள்ளிபுனம், இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். அங்கே வரிசையில் நின்று வாங்கின கஞ்சி அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும்தான். தேங்காய்ப்பால் இல்லை. அம்மா தன்னுடைய பங்கிலும் பாதியைத் தம்பியின் சிரட்டைக்குள் ஊற்றுவார். அவனுக்கு அப்போது வயிற்றோட்டம். வேறு எதுவும் கொடுக்க இருக்கவில்லை.

அந்தக் கஞ்சி என்ன செய்தது என்பதை வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். சோடியமும் குளுக்கோசும் ஒன்றாக வந்தால் சிறுகுடல் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும், தண்ணீர் அவற்றைப் பின்தொடரும். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பைக்கற்றின் தத்துவம் இதுதான். 1971இல் வங்காளதேச அகதிகள் நிறைந்த, இந்தியாவின் மேற்கு வங்காளத்துப் போங்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர், சேலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைப் பேணி பேணியாகக் குடிக்கக் கொடுத்தார். 30 வீதமளவில் இருந்த கொலரா இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. பிற்காலத்தில் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைப் போட்டும் அந்தக் கரைசலைச் செய்து பார்த்தார்கள், கொலராவுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அதற்கு நெருங்கின உறவுதான். தம்பி இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். அதற்கு அந்தக் கஞ்சியும் ஒரு காரணம் என்றுதான் நம்புகிறேன்.

பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அங்கே பட்டினி இல்லை. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரண அட்டைக்குக் கிடைத்தது. உயிர் காக்கக் கொடுத்த சாப்பாடு அது, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் ஒரு முருங்கை இலையைக் கண்ணால் காண மாதக்கணக்கானது. தம்பிக்குச் சிரங்கு, வயிற்றோட்டம், பிறகு செங்கண்மாரி. ஒன்று மாற மற்றது வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டும் பிள்ளை தேறவில்லை. சனநெரிசலும் தண்ணீரும் மலசலகூடமும்தான் அந்த நோய்களுக்கு முதற்காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சாப்பிட்டும் ஏன் தேறவில்லை என்ற கேள்வி அம்மாவுக்கு நெடுநாள் இருந்தது.

அதற்குக் கிட்டிய ஒரு பதிலை நான் டாக்கா நகரத்து ஆய்வொன்றில் கண்டேன். 2021இல் வெளிவந்தது. மிர்பூர் பகுதிச் சேரியில் போசாக்குக் குறைந்த 12 முதல் 18 மாதப் பிள்ளைகள் 118 பேர் அதை முடித்தார்கள். மூன்று மாதம், நாளுக்கு இரண்டு வேளை. ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு வழமையான நிவாரணச் சத்துணவு: அரிசி, பருப்பு, சீனி, சோயா எண்ணெய், பால்மா. மற்றப் பாதிக்குக் குடல் பற்றீரியாக்களை மனதில் வைத்துத் தயாரித்த கலவை: கடலை மா, சோயா மா, கச்சான், வாழைக்காய், அதோடு சீனியும் எண்ணெயும். இரண்டாவது கலவையில் கலோரி குறைவு. இருந்தும் அதைச் சாப்பிட்ட பிள்ளைகள்தான் நன்றாக நிறை கூடினார்கள். வளர்ச்சியோடு சேர்ந்துவரும் பற்றீரியாக்களும் அவர்களின் குடலில் பெருகின.

அந்த முதல் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் நிவாரண அட்டைக்கு அது எவ்வளவு கிட்ட இருக்கிறது! இரண்டாவது பட்டியலில் இருக்கிற கச்சான் விசுவமடு மணலில் விளைவது. வாழை எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப பிள்ளைக்கு வயிறு நிரம்பினது, உள்ளுக்கை இருக்கிறதுகள் பட்டினி கிடந்திருக்குதுகள், என்ன?” என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் எந்த வகுப்பிலும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மகனின் காலைச் சாப்பாட்டை அம்மாவின் கையில் விட்டுவிட்டேன். ரின்களை நிறுத்தினேன். கிழமையில் நாலு நாள் பழஞ்சோறு, மற்ற நாட்களில் குரக்கன் புட்டு, அவித்த கௌபி, கடலை. அரிசியையும் தீட்டின வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாற்றினோம், கிடைக்கிற காலத்தில் மொட்டைக்கருப்பன். தவிடு இருக்கிற அரிசியில் நார்ப்பொருளும் கூட இருக்கும்.

பழஞ்சோற்றில் இரண்டு காரியம் நடக்கிறது. சோறு ஆறும்போது மாப்பொருளில் கொஞ்சம் இறுகி, நம் நொதியங்களால் இலகுவில் உடைக்க முடியாத வடிவத்துக்கு மாறுகிறது. அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்கி அங்கே இருப்பவற்றுக்குச் சாப்பாடாகும். நம் நாட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவருக்கு வழிகாட்டிய புஷ்பராஜா தவராஜாவும் இலங்கை அரிசி 38 வகையை ஆராய்ந்து, கொதிதண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை அவித்து, பிறகு 12 மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால் இந்த இறுகின மாப்பொருள் கூடுகிறது என்று 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். இரண்டாவது காரியம், தண்ணீரில் ஊறும்போது இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் பெருகிப் புளிக்கவைப்பது. ஓரத்தில் நிற்கிற அந்தக் குமிழி அப்படி வந்ததுதான். பழஞ்சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்றெல்லாம் சுற்றும் கணக்குகளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றில் இல்லாத இரும்பைத் தண்ணீர் உண்டாக்காது. இருக்கிற இரும்பை உடம்பு இலகுவாக எடுக்கப் புளித்தல் உதவும், அவ்வளவுதான்.

ஒரு விடயத்தைத் தாய்மாருக்கு அழுத்திச் சொல்லவேண்டும். சமைத்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா வளரக்கூடும். அது விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சட்டி சுத்தமாக இருக்கவேண்டும், தண்ணீர் கொதித்தாறினதாக இருக்கவேண்டும், சோற்றைப் பகல் முழுக்க வெளியே கிடக்கவிட்டு இரவில் ஊறப்போடக் கூடாது. காலையில் நூல்விட்டாலோ கெட்ட மணம் வந்தாலோ கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கும், புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும், உறுப்பு மாற்றியவர்களுக்கும் இது வேண்டாம். அதேபோல மருத்துவர் தந்த அன்ரிபயோட்டிக்கை, குடலுக்குக் கூடாது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். ஒரு தடவை குடித்தால் குழம்பும் குடல் பற்றீரியாக்கள் ஒன்றரை மாதமளவில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுவதை வளர்ந்தவர்களிடம் பார்த்திருக்கிறார்கள், சில வகைகள் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. சாதாரண தடிமனுக்கு அது வேலை செய்யாது என்று தெரிந்துகொண்டு, நாமாகக் கேட்டு வாங்காமல் இருந்தாலே போதும்.

இனித் தயிர். இதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, மாடுகள் இல்லை. முந்தி எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் எருமைத்தயிர்ச் சட்டி இருக்கும். ஒரு வீட்டில் உறை கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் இரண்டு கரண்டி வாங்கிவருவார்கள். அது யார் வீட்டில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கு அம்மம்மா வீட்டிலிருந்து வந்தது. இடம்பெயர்ந்தபோது நாங்கள் அரிசி தூக்கினோம், துணி தூக்கினோம், காணி உறுதியைத் தூக்கினோம். உறைமோரைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்து, தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த மாடு கன்று போட்டுப் பால் கறந்த நாளில்தான், ஊர் முழுக்க ஒரு துளி உறை இல்லை என்பது தெரிந்தது. அம்மா பஸ் ஏறி வவுனியாவில் பெரியம்மா வீட்டுக்குப் போய், ஜாம் போத்தலில் கொஞ்சம் தயிர் வாங்கி, ஈரத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முதல்தரம் பால் சரியாக உறையவில்லை. போத்தலில் மிச்சம் வைத்திருந்ததைப் போட்டு இரண்டாம்தரம் உறைந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது அந்த உறைதான்.

இலியா மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி, வெண்குருதிக் கலம் கிருமியை விழுங்குவதைக் கண்டுபிடித்தவர், 1908இல் நோபல் பரிசு பெற்றவர். நிர்ப்பீடனத்தை ஆராய்ந்த அந்த மனிதர்தான் புளித்த பாலை நாள்தோறும் குடித்து, மற்றவர்களையும் குடிக்கச் சொன்னார். அவர் சொன்ன அளவுக்குத் தயிர் ஆயுளைக் கூட்டுமா என்பதை விடுங்கள். 2021இல் அமெரிக்காவில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, 10 கிழமை ஒரு பகுதியினருக்குப் புளித்த உணவுகளும் மற்றவர்களுக்கு நார்ப்பொருளும் கூட்டிக் கொடுத்தார்கள். தயிரும் ஊறல் காய்கறியும் சாப்பிட்டவர்களின் குடலில் பற்றீரியா வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வு. தயிரில் இருக்கிற பற்றீரியா பெரும்பாலும் குடலில் குடியிருக்காது, கடந்து போய்விடும். அதனால்தான் நாளும் கொஞ்சம் சாப்பிடவேண்டியிருக்கிறது.

மகன் எப்படி என்று கேட்பீர்கள். எட்டு மாதமாகிறது. இந்த மாரியில் ஒரே ஒரு தரம்தான் மருந்துத் துண்டு கொப்பியில் ஏறியது, அதுவும் அன்ரிபயோட்டிக் இல்லை. ஆனால் அவன் வளர்கிறான், வயதோடு இப்படிப்பட்ட வருத்தங்கள் குறையும். ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று வகுப்பில் சொல்கிறவள் இங்கே மாற்றிச் சொல்லக்கூடாது. காலையில் எழும்பினதும் “அம்மம்மா, சட்டி திறந்திட்டீங்களோ?” என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போகிறான். அது எனக்குப் பெரிய சந்தோசம்.

நேற்றுப் பொழுதுபட, புதிதாகக் கல்யாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்திருக்கும் பிள்ளை ஒரு கிண்ணத்தோடு வந்தாள். மாடு கன்று போட்டிருக்காம், உறை வேண்டுமாம். அம்மா விளக்கு வைத்துவிட்டிருந்தார். “விளக்கு வைச்சாப் பிறகு மோர் குடுக்கிறேல்லை பிள்ளை, விடியவா” என்று அனுப்பிவிட்டார். இன்று காலை ஆறு மணிக்கே அவள் வந்துவிட்டாள். அம்மா சட்டியின் நடுவிலிருந்து, தண்ணீர் விடாத இடமாகப் பார்த்து, இரண்டு கரண்டி எடுத்து வைத்தார். “பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டிலை விடு. முதல்தரம் உறையாட்டி யோசிக்காதை, திரும்பி வா.”